வாசலில் வரவேற்பு, உள்ளே தரையா?



கொச்சிக்குப் போனவர்கள் எல்லாம் மட்டாஞ்சேரி யூத ஜெபாலயத்தின் நீல ஓடுகளைத்தான் படம் போடுகிறீர்கள். 1568-இல் கட்டியது, ராஜா அரண்மனை ஓரத்திலேயே இடம் கொடுத்தார். அழகுதான்.

ஆனால் அங்கே சொந்த மதத்தாரையே "அடிமை வழிவந்தவர்கள்" என்று பெஞ்சில் உட்கார விடவில்லை. தரைதான். தோரா வாசிக்கவும் விடவில்லை. அவர்களில் பிறந்து வக்கீலுக்குப் படித்த ஏ.பி. சேலம் (ஊர் இல்லை, மனிதர்!) உள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். அதன்பிறகுதான் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. இன்று அந்தப் பெஞ்சுகளில் உட்கார ஆளே இல்லை.

"இளசுகள் வருவதில்லை" என்று இங்கே கோயில், ஜமாஅத், சர்ச் கமிட்டிக்காரர்களும் புலம்புகிறீர்கள். "வருக வருக" என்று பிளெக்ஸ் கட்டினால் போதுமா? நாகூர் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் வருவதைப் பெருமையாகச் சொல்கிறோமே, உங்கள் கமிட்டியில் புதிதாகக் குடிவந்தவர் ஒருவராவது உண்டா? கீழே எழுதுங்கள், பார்ப்போம்.