நீரூற்றின் முகங்கள்

சிகாகோ நகரத்தில், மிஷிகன் அவென்யூவின் ஓரமாக, ரயில் தண்டவாளங்களுக்கும் கார் நிறுத்துமிடங்களுக்கும் மேலே தளம் பரப்பி உண்டாக்கப்பட்ட மில்லினியம் பூங்காவிலே, 50 அடி உயரமுள்ள இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள், மெல்லிய நீர்ப்படலம் பரவிய கருங்கல் தரையின் இரு முனைகளிலும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. ஸ்பெயின் தேசத்துச் சிற்பி ஜௌமே ப்ளென்ஸாவின் கற்பனையில் உருவாகி, 2004 ஜூலையில் ஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட கிரவுன் நீரூற்று இதுதான். கண்ணாடிக் கற்களுக்குப் பின்னே லட்சக்கணக்கான எல்.இ.டி. விளக்குகள் கூடி ஒரு மனித முகத்தைத் தீட்ட, அம்முகம் நிதானமாகக் கண் சிமிட்டி, புன்னகை பூத்து, பின்னர் உதடுகளைக் குவிக்க, குவிந்த வாயிலிருந்து மெய்யாகவே தண்ணீர் பீறிட்டு, கீழே காத்திருக்கும் குழந்தைகளின் தலைமேல் விழுகிறது.

ஐரோப்பாவின் புராதன நீரூற்றுகளில் தேவதைகளும் சிங்கங்களும் விசித்திர மிருகங்களுமே நீர் உமிழ்ந்து வந்தன. அந்த ஸ்தானத்தில் ப்ளென்ஸா அமர்த்தியது, அந்நகரத்தில் வசிக்கும் சாமானியர் ஏறக்குறைய ஆயிரம் பேரின் முகங்களை. பல வர்ணத்தினரும் பல பிராயத்தினருமான அவர்களை, சிகாகோ கலைக் கல்லூரி மாணாக்கர்கள் காமிராவின் முன் உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். திரையிலே பெயர் இல்லை, பதவி இல்லை, விற்பனைக்குரிய பண்டமும் இல்லை. மொத்தச் செலவான 1.7 கோடி டாலரில் பெரும்பகுதியை நல்கிய கிரவுன் குடும்பத்தாரின் பெயர் நீரூற்றுக்குச் சூட்டப்பட்டது. ஆனால் கோபுரங்களில் தோன்றும் கௌரவம் ஊராருக்கே கிடைத்தது. மின்சாரத் திரை என்றால் விளம்பரம் என்றே பழகிவிட்ட இக்காலத்தில், இதை ஓர் அபூர்வமான தர்மம் என்றே நான் கருதுகிறேன்.

குளிர்காலத்தில் தண்ணீர் நிறுத்தப்படுகிறது. முகங்கள் மட்டும் தொடர்ந்து ஒளிர்கின்றன. வேனிலின் குதூகலத்தைக் கண்டு இதை வெறும் ஜலக்கிரீடை ஸ்தலம் என்று எண்ணிவிடுகிறவர்கள், உறைபனியில் அவ்வழியே நடந்துபோகும்போதுதான், சிருஷ்டியின் ஜீவன் அந்த முகங்களில் இருப்பதை உணர்வார்கள்.

2006-ஆம் ஆண்டின் இறுதியில் கோபுரங்களின் உச்சியில் கண்காணிப்புக் காமிராக்கள் பொருத்தப்பட்டன. பாதுகாப்பு அவசியமல்லவா என்று கேட்பவர்களின் கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. பூங்காவின் வேறு இடங்களில் ஏற்கெனவே காமிராக்கள் இருந்தன. ஆயினும், ஊரார் ஆட்சேபித்துக் குரலெழுப்ப, சில வாரங்களுக்குள் நகர நிர்வாகம் கோபுரங்களின் மேலிருந்தவற்றை அகற்றியது. அந்த ஆட்சேபணையை அழகுணர்ச்சியின் விளைவு என்று மட்டும் கொள்வது போதாது. திரையில் தோன்றுகிறவர்கள் தாமே வந்து, சம்மதித்து, தங்கள் முகத்தை நகரத்துக்குக் கொடுத்தவர்கள். அந்தத் திரையின் தலைமேலேயே, கேளாமல் பிறர் முகத்தை எடுத்துக்கொள்ளும் கருவியை வைப்பது, கொடுத்தவர்களின் தானத்தையே களங்கப்படுத்துவதாகும். அதை ஜனங்கள் கிரகித்துக்கொண்டார்கள் என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை அளிக்கிறது.

வெண்கலச் சிலையைப் போல மின்னணுக் கலை தானாக நிலைத்திராது. விளக்குகள் மங்கும், கருவிகள் பழசாகும், அவற்றைப் புதுப்பிப்பதற்கு நிர்வாகிகள் இடைவிடாமல் பொருளும் சிரத்தையும் செலவிட்டாக வேண்டும். அம்முகங்களுக்கும் வயதாகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் படம்பிடிக்கப்பட்ட பாலகர்கள் இன்று பெற்றோராகியிருக்கக்கூடும். அதற்குப் பின் அந்நகரத்தில் குடியேறியவர்களும் பிறந்தவர்களும் அநேகம். ஆகவே அவர்களுடைய முகங்களும் அக்கோபுரங்களில் ஏற வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஆனால், வீதியில் நடமாடுகிறவர்களின் உருவங்களை அவர்கள் அறியாமலே திரட்டுவது இன்று மிகச் சுலபமாகிவிட்டபோதிலும், முன்பு செய்தது போலவே, ஒவ்வொருவரையும் அழைத்து, நாற்காலியில் அமர்த்தி, அவர் மனமொப்பிச் சிரித்த பிறகே அந்த முகத்தைப் பதிவுசெய்ய வேண்டும்.