முதற்றலைமுறை மாணவன் யார்?

விழாக் காலத்திலே பழைய மாணவர் ஒன்றுகூடும்போது, "பாட்டனாரும் இங்கே படித்தார், தந்தையாரும் இங்கே படித்தார்" என்று தலைமுறைகளை எண்ணி மகிழ்வது எம்மவர் வழக்கம். அம்மகிழ்ச்சி குற்றமன்று. ஆயினும், அவ்வரிசையின் தொடக்கத்திலே, வழிகாட்ட ஒருவருமின்றிக் கல்லூரி வாயிலில் வந்து நின்ற சிறுவன் ஒருவன் இருந்தானன்றோ? அவனைப் போன்றவன் இன்று வந்தால் எவ்வாறு இனங்காண்பது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1965 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்படி நடைபெறும் உதவித் திட்டங்களுக்கென 1980 இல் ஒரு வரைவிலக்கணம் வகுக்கப்பட்டது. பெற்றோர் இருவரும் பட்டம் பெறாதவராயின் பிள்ளை முதற்றலைமுறை மாணவன். ஒருவருடன் மட்டும் வாழ்ந்து அவர் ஆதரவிலேயே வளர்பவனாயின், அவ்வொருவரின் கல்வியே நோக்கப்படும். இவ்வளவுகோல் தெளிவானது, எனினும் நுண்மையானதன்று. பட்டம் பெறாத பயிற்றப்பட்ட ஆசிரியரின் மகனும், கையெழுத்திட அறியாத கூலித் தொழிலாளியின் மகனும் அதன்முன் ஒருநிகரானவரே. முன்னவன் வீட்டில் நூல்களும் உண்டு. வழிசொல்ல வாயும் உண்டு.

எமது நாட்டிலோ பெற்றோரின் கல்வி கணக்கிலேயே இல்லை. பல்கலைக்கழக அநுமதியில், பெரும்பாலான பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக வகுக்கப்பட்டுள்ளன. மாவட்டம் பேசுகிறது, வீடு பேசுவதில்லை. நுவரெலியாவில் தோட்ட லயனிலிருந்து வரும் பிள்ளையும், நகரத்துச் சட்டத்தரணியின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

பாடசாலை வாயிலில் நிலை இன்னும் விசித்திரமானது. அரசினர் பாடசாலைகளின் முதலாந் தர அநுமதிக்கான அண்மைக்காலச் சுற்றறிக்கைகளில், அயலில் வசிப்போர்க்கு நூற்றுக்கு 50 இடங்களும், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25 இடங்களும் ஒதுக்கப்பட்டன. அதாவது, தந்தையோ தாயோ முன்னர் அங்கே படித்தமை பிள்ளைக்குத் தகுதியாகிறது. இச்சலுகையால் நன்மையடைபவர் யாமே. ஆதலின் அதுபற்றிப் பேசும் கடமையும் எமதே. 1945 இல் வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் கதவைத் திறந்தது. பரம்பரை என்னும் கதவை யாம் சாத்துதல் தகுமோ?

"திறமையைத் தள்ளிப் பிறப்பை நோக்குவதோ?" என்பர் சிலர். பழைய மாணவரின் பிள்ளைக்கு இடமளிப்பதும் பிறப்பை நோக்குவதன்றோ? யாம் வேண்டுவது புள்ளிகளைக் குறைப்பதன்று. எப்பாடநெறியைத் தெரிவது, விண்ணப்பத்தை எவ்வாறு நிரப்புவது என்று சொல்ல வீட்டில் ஒருவருமில்லாதவன் எவனோ, அவனே முதற்றலைமுறை மாணவன். பெற்றோர் இருவரும் க.பொ.த. உயர்தரம் வரை கற்றிலர் என்பதை முதற் சான்றாகவும், பட்டம் பெற்ற தமையனோ தமக்கையோ இலர் என்பதை அடுத்த சான்றாகவும் கொள்ளலாம். பழைய மாணவர் வழங்கும் உபகாரச் சம்பளங்களில் இத்தகையோர்க்கே முதலிடம் அளித்தல் வேண்டும். எம்முள் பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் இத்தகைய ஒருவனுக்கேனும் வழிகாட்டியாதலும் வேண்டும்.

எம் குடும்பத்து முதல் மாணவனுக்கு அன்று யாரோ ஓர் ஆசிரியர் வாயிலைத் திறந்துவிட்டார். அக்கடனை இறுக்குங் காலம் இதுவே.