தண்டிக்க மாட்டார்களாம்

2025 செப்டம்பர் தொடக்கத்தில் ஒன்றிய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன் இந்தியாவுக்கு வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இனித் தண்டனை கிடையாதாம். புதிய குடியேற்றச் சட்டத்தில் விலக்கு. கீரப்பாளையம் டீக்கடையில் பேப்பரும் கையுமாக இருந்தவர் கேட்டார்: "அப்ப குடியுரிமை குடுத்துட்டாங்களா சார்?"

"இல்லைங்க. ஜெயில்ல போட மாட்டோம்னு சொல்லியிருக்காங்க."

"இத்தினி வருஷமா இங்கதான இருக்காங்க. எதுக்கு ஜெயில்ல போடணும்?"

என்னிடம் பதில் இல்லை. எரிச்சல் இருந்தது. இந்த வாரப் பத்தி அதில்தான் ஓடப்போகிறது.

சம்பா நடவுக்கு எங்கள் பக்கம் இப்போதெல்லாம் வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, வரிசை பிடித்து நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். தமிழ் தெரியாது, தேவையும் இல்லை. இந்தியர்கள் என்பதால் எங்கும் போகலாம், எங்கும் தங்கலாம், சொந்த ஊரில் ஓட்டும் உண்டு. புவனகிரி தாண்டிக் குறிஞ்சிப்பாடி போனால் அங்கே இலங்கைத் தமிழர் முகாம். தமிழைத் தவிர வேறு பேச்சில்லாத சனம். முகாம் ஆட்கள் பணக்கொடை வாங்கும் நாளில் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வெளியூர் போய்த் தங்க அனுமதி வாங்க வேண்டும்.

மாநில அரசைக் குறை சொல்ல மாட்டேன். முழுக்கச் சொல்ல மாட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அன்றைய மாநில அரசுதான் முகாம் பிள்ளைகளின் கல்விச் சலுகைகளை நிறுத்தியது. அவை திரும்பி வரச் சில ஆண்டுகள் ஆயின. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். 7,469 புதிய வீடுகள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் ஆனது. வீடு, அரிசி, பள்ளி, கல்லூரி எல்லாம் சென்னை கொடுக்கலாம். குடியுரிமை டில்லியின் பெட்டியில் இருக்கிறது.

சான்றிதழ்களோடு எனக்குள்ள பகை இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இருப்பிடச் சான்றுக்கு வாரிசுச் சான்று கேட்டார்கள் என்று நான் புலம்பிய வாரம் வந்த கடிதங்களில் பாதி, 'எங்கள் கதையைக் கேளுங்கள்' என்றுதான் தொடங்கின. ஜெராக்ஸ் கடைக்காரரும், எழுதிக்கொடுப்பவரும், நாளைக்கு வாங்க என்கிறவரும் சேர்ந்து நடத்தும் ஆட்சி ஒன்று நமக்கு மேல் இருக்கிறது. தாத்தா காலத்துப் பட்டா கையில் இருக்கும் நமக்கே இந்தக் கதி. ஒரே ஒரு காகிதத்தை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள் கதியைச் சொல்கிறேன்.

1964 அக்டோபர் 30. சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக்கப்பட்ட இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974-இல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலை பறித்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் குடும்பத்துக்கு ஒரு அட்டை கொடுத்தது. எந்த ஊருக்குப் போக வேண்டும், அங்கே என்ன உதவி கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கும். பலருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன், 5,000 ரூபாய். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவரைத் தெரியாத ஊரில் இறக்கிவிட்டு, கடை வைத்துப் பிழை என்று சொன்னால் என்ன செய்வார்? பணத்தைத் தரகர்கள் பார்த்துக்கொண்டார்கள். குடும்பங்கள் மறுபடி மலையேறின. கொடைக்கானல் பக்கம் மரம் வெட்டும் காண்டிராக்டர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்கள் உண்டு. நீலகிரியில் 'சிலோன்காரங்க' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கையில் இந்தியக் குடியுரிமை இருந்தது, பாருங்கள்.

ஊன்றி நின்றவர்கள் யார்? வேலையும் வீடும் சேர்த்துக் கிடைத்தவர்கள். தமிழ்நாட்டில் அரசு தேயிலைத் தோட்டங்கள் 1968-இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கி, 1976-இல் 'டான்டீ' என்ற கழகமாயின. கேரளம் புனலூரில் ரப்பர் போட்டது. கர்நாடகம் சுள்ளியாவில் ரப்பர் போட்டது. ஒரே ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான். இறக்கிவிட்ட மாநிலம் அவர்களுக்கு என்ன வைத்திருந்தது என்பதில் தலையெழுத்து மாறியது. பர்மாவிலும் இலங்கையிலும் இருந்து திரும்பியவர்களுக்காகத்தான் 1969-இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. இன்று நகையை அடகு வைக்க அங்கே போகும் எத்தனை பேருக்கு அது தெரியும்? டான்டீயும் முன்போல இல்லை. 2022-இல் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டது. ஓய்வு பெற்ற தொழிலாளி லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கேள்வி அதோடு எழுந்தது.

இன்னும் கொடுமையானது ஒன்று உண்டு. இந்த மலையக மக்களில் பலர் 1977, 1983 கலவரங்களில் அடிபட்டு வவுனியாப் பக்கம் ஒதுங்கினார்கள். தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் 1984-இல் நின்றுபோனது. அதன் பிறகு உயிர் தப்ப அவர்களுக்குக் கிடைத்தது கள்ளத்தோணி. கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியோர். தோணியில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறி. முகாம்களில் இருப்பவர்களில் இந்திய வம்சாவளியினர் கணிசமானவர்கள். அவர்களில் 65 பேர் தொடுத்த வழக்கில், குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லி 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை.

முன்பு வந்தவர்களுக்குக் குடியுரிமை இருந்தது, வாழ வழி இல்லை. பின்பு வந்தவர்களுக்கு வழி ஓரளவு உண்டு, குடியுரிமை இல்லை. இரண்டையும் ஒரே கையில் கொடுக்க இந்த நாட்டுக்கு அறுபது ஆண்டுகளில் மனம் வரவில்லை. செப்டம்பர் உத்தரவை வரவேற்று அறிக்கை விட்டவர்கள் எதை வரவேற்றார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளை, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றாலே, பிறப்பால் இந்தியர் ஆக முடியாது. அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் இப்போது இருபதைத் தாண்டிவிட்டார்கள். நம் பள்ளியில் படித்தவர்கள், நம் ஊர்ப் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள். தேர்தல் என்றால் எல்லாக் கட்சிகளும் கும்பிட்டுக்கொண்டு நம் வாசலுக்கு வரும். இவர்களுக்காக டில்லியில் நீங்கள் என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று கேளுங்கள். அவர்களிடம் ஓட்டு இல்லை. நாம்தான் கேட்க வேண்டும்.