கார்டு தேய்க்கும் முன் கணக்குப் பாருங்கள்!

 

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய கடைத்தெருவைப் பார்த்திருப்பீர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம், குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் என்று இரண்டு விதமான வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் தெரு அது. ஒரு காலத்தில் இங்கே கார்டு மெஷின் என்றால் அது வெள்ளைக்காரருக்கு. உள்ளூர்க்காரர் ரொக்கம் கொடுப்பார். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, அதன் பிறகுதான் சின்னக் கடைக்காரரும் மெஷின் கேட்டு வங்கிக்கு அலைந்தார். இன்று இளநீர் வண்டியிலும் க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது.

இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். க்யூ.ஆரில் தவறில்லை. டெபிட் கார்டிலும் தவறில்லை. இரண்டிலும் போவது உங்கள் கணக்கில் இருக்கும் உங்கள் பணம். ஆனால் அந்த டெபிட் கார்டு இப்போது எங்கே? 2023-24 நிதியாண்டில் நாடு முழுவதும் டெபிட் கார்டில் வாங்கிய தொகை 6 லட்சம் கோடி ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே ஆண்டில் கிரெடிட் கார்டில் வாங்கியது 18 லட்சம் கோடியைத் தாண்டியது! 2024-ன் தொடக்கத்தில் நாட்டில் புழங்கும் கிரெடிட் கார்டுகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது.

ஏன் இந்த மாற்றம்? 2020 ஜனவரி முதல் யூ.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. வருமானம் இல்லாத சரக்கை எந்த வியாபாரி கூவி விற்பான்? கிரெடிட் கார்டில் கடைக்காரரிடம் கமிஷன், வாங்கியவரிடம் வட்டி என்று இரண்டு பக்கமும் வரவு. அதனால்தான் உங்கள் மகனுக்குத் தினமும் போன் வருகிறது.

இந்தத் தந்திரம் புதிதும் அல்ல. 1958-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃப்ரெஸ்னோ என்ற ஊரில், யாரும் கேட்காமலேயே 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பி வைத்தது பேங்க் ஆஃப் அமெரிக்கா. இன்றைய விசா கார்டு பிறந்த கதை அதுதான்.

இளைஞனே, கொஞ்சம் கணக்குப் போடு! கார்டில் 50,000 ரூபாய் பாக்கி. மாத வட்டி மூன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 42. 'மினிமம் தொகை கட்டினால் போதும்' என்கிறது பில். 5 சதவீதம் என்றால் 2,500 ரூபாய். கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய். அதில் வட்டிக்குப் போனது 1,750. வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. அசலில் கழிந்தது வெறும் 435 ரூபாய்! மாதம் தவறாமல் 2,500 கட்டி, அந்தக் கார்டில் ஒரு டீகூட வாங்காமல் இருந்தாலும், கடன் தீர 44 மாதம் ஆகும். கட்டிய மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். முழுத் தொகையும் கட்டாதவருக்கு அந்த 'வட்டியில்லாத நாட்கள்' என்ற சலுகையும் போய்விடுகிறது. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடுகிறது.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுக்க 2003-ல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து 42 சதவீதம் வாங்குபவரைத் தடுக்கச் சட்டம் எங்கே? தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இருந்த ஒரு வேலியும் போயிற்று!

'நான் கெடு தேதிக்குள் முழுவதும் கட்டிவிடுகிறேன், எனக்கு வட்டியே வராது' என்பவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்கு ஒரு செய்தி. 2000 செப்டம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இதை விவாதித்தது. வட்டி நிபந்தனை உள்ள கிரெடிட் கார்டை, கெடுவுக்குள் கட்டும் எண்ணத்தோடு வைத்திருப்பதும் கூடாது என்பது அதன் முடிவு. மாற்றுக் கருத்துள்ள ஆலிம்கள் இருக்கிறார்கள். உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால் கேட்காமலேயே கையெழுத்துப் போடாதீர்கள்! 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்று செல்போன் வாங்குவோரும் கவனிக்க: பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு பெயரில் மறைந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளைக் கண்டித்தது.

கடைக்காரச் சகோதரர்களே, இனி உங்களிடம்.

வாடிக்கையாளர் கிரெடிட் கார்டு நீட்டினால் நீங்கள் விற்பது சரக்கு. அந்த விற்பனையில் குற்றமில்லை. வங்கிக்கு நீங்கள் தரும் கமிஷனையும் அதே அகாடமி அனுமதித்திருக்கிறது. ஒரு நிபந்தனை: ரொக்கத்துக்கு என்ன விலையோ அதே விலைதான் கார்டுக்கும். ரசீதில் இரண்டு சதவீதத்தை ஏற்றி வாடிக்கையாளர் தலையில் கட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

அதைவிட மோசமான ஒரு பழக்கம் ஊர் ஊராகப் பரவி வருகிறது. அவசரப் பணம் தேவைப்படுபவர் கார்டைக் கொடுக்கிறார். கடைக்காரர் 10,000 ரூபாய்க்குச் சரக்கு விற்றதாகத் தேய்த்துவிட்டு, 300 ரூபாய் பிடித்துக்கொண்டு 9,700-ஐ எண்ணிக் கொடுக்கிறார். சரக்கு எங்கே? இதற்குப் பெயர் வியாபாரமா? பொய் ரசீது போட்டு, இல்லாதவனை வட்டிக் குழியில் தள்ளி, அதற்குக் கூலியும் வாங்குவது! வங்கியோடு செய்த ஒப்பந்தத்துக்கும் இது விரோதம். பிடிபட்டால் மெஷினும் போகும், கடையின் பெயரும் போகும்.

அந்த இளைஞனுக்கு வேறு வழி காட்ட நம்மால் முடியாதா? மேலே சொன்ன 50,000 கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். மஹல்லாவில் ஐந்து வியாபாரிகள் தலைக்கு 10,000 கைமாற்றாகப் போட்டு, ஜமாஅத் பொறுப்பில் எழுதி வாங்கிக்கொண்டு, வங்கிப் பாக்கியை ஒரே தவணையில் அடைத்துவிடட்டும். அவன் அதே 2,500-ஐ ஜமாஅத்தில் கட்டினால் 20 மாதத்தில் கடன் தீரும், கொடுத்தவர்களுக்கு முதலும் வந்து சேரும். கல்யாண மண்டபத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கு போதும் இதற்கு.

கடனை அடைத்ததும் கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பாக்கி இல்லாவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. போனில் பேசுபவர் 'வேறு நல்ல கார்டு தருகிறோம் சார்' என்று ஆரம்பிப்பார். அதைக் காதில் வாங்காமல் கோரிக்கை எண்ணை மட்டும் கேட்டு, தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.