மரபணுவுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு!

சில குடும்பங்களில் கட்டைவிரல் பக்கம் ஒரு விரல் கூடுதலாக இருக்கும். தாத்தாவுக்கு இருக்கும், அப்பாவுக்கு இருக்கும், பிறக்கும் குழந்தைக்கும் இருக்கும். கருவில் விரல்கள் உருவாவதில் முக்கியப் பங்கு ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்ற மரபணுவுக்கு. (வீடியோ கேம் நாயகனின் பெயரேதான்!) ஆனால், இந்தக் குடும்பங்களில் அந்த மரபணு நன்றாகவே இருந்தது. அப்படியென்றால் கோளாறு எங்கே?

நம் டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் தயாரிப்பதற்கான குறிப்புகள் 2 சதவிகிதம்கூட இல்லை. மரபணுவை பல்பு என்று வைத்துக்கொண்டால், அது எப்போது, எங்கே எரிய வேண்டும் என்று சொல்லும் சுவிட்சுகள் மிச்சப் பகுதியில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

மனிதன், எலி, கோழி, மீன் ஆகியவற்றின் டி.என்.ஏ.வை வரிசையாக வைத்து ஒப்பிட வேண்டும். மீனும் நாமும் பிரிந்து 40 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. தேவையற்ற எழுத்துகள் அதற்குள் கன்னாபின்னாவென்று மாறியிருக்கும். மாறாமல் நிற்கும் பகுதிக்கு ஏதோ முக்கிய வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஒப்பிட்டபோது, 2003-ல் அந்த சுவிட்ச் சிக்கியது. நீளம் ஏறத்தாழ 800 எழுத்துகள். இருந்த இடமோ, மரபணுவிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, இன்னொரு மரபணுவின் நடுவே! அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே கூடுதல் விரல் முளைக்கிறது. அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவில், எழுத்தாளர் ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில் திரியும் ஆறு விரல் பூனைகளுக்கும் காரணம் இதே சுவிட்ச்தான்.

பாம்பிலும் இந்த சுவிட்ச் இருக்கிறது, ஆனால் சிதைந்துபோய். 2016-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு நாகப்பாம்பின் சுவிட்சை வைத்தார்கள். பிறந்த எலிகளுக்குக் கால்கள் வெறும் முளைகளாகவே நின்றுவிட்டன. பாம்பு சுவிட்சில் காணாமல்போயிருந்த 17 எழுத்துகளைச் சேர்த்து வைத்தபோது, கால்களுடன் எலிகள் பிறந்தன.

இதில் நமக்கும் ஒரு சேதி இருக்கிறது. பல மரபணுப் பரிசோதனைகள் அந்த 2 சதவிகிதத்தை மட்டுமே படிக்கின்றன. பரம்பரையாக வரும் பிரச்னைக்கு ‘கோளாறு ஏதுமில்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், அதுவே முடிவல்ல. ‘மரபணுவுக்கு வெளியே உள்ள பகுதியையும் பார்த்தார்களா டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள்!