வெறும் வார்த்தைதானே என்கிறவர்களுக்கு

கம்ப்யூட்டருக்குச் சாதி கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஒரு கூட்டம் இருக்கிறது. சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், நெட்வொர்க் கேபிள் இழுக்கிறவர்கள், ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வந்தாலும் எழுந்து உட்காருகிறவர்கள். சிஸ்டம் அட்மின் என்று பெயர். உழைப்பாளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் தொழில்நுட்பச் செய்தி ஏதாவது வந்துவிட்டால் போதும், டீக்கடை பெஞ்சிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் கம்ப்யூட்டர்க்காரர்கள் 'மாஸ்டர் - ஸ்லேவ்' என்ற சொற்களை மாற்றினார்கள் அல்லவா, அதற்கும் ஒரு தீர்ப்பு உண்டு. "வேலை இல்லாதவன் பார்க்கிற வேலைங்க இது. வெறும் வார்த்தைதானே."

வங்கியில் கிளார்க் வேலை பார்க்கிறவன் நான். சர்வர் பார்க்கிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மேலே சொன்ன தீர்ப்பு அவருடையதுதான். அவரோடு பேசிப் பேசி ஓய்ந்துபோய்விட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சங்கதி என்னவென்று தெரியாத தோழர்களுக்கு. பழைய கம்ப்யூட்டர்களில் ஒரே கேபிளில் இரண்டு ஹார்ட் டிஸ்க் மாட்டுவார்கள். ஒன்று மாஸ்டர், இன்னொன்று ஸ்லேவ். எஜமான், அடிமை. டிஸ்க்கின் முதுகில் சின்னதாக ஒரு ஜம்பர் பின் இருக்கும், அதை எங்கே குத்துகிறோமோ அதை வைத்துத்தான் அது எஜமானா அடிமையா என்பது. தரவுத்தளங்களிலும் இதே கதை. எழுதுவது ஒரு சர்வரில், அதைப் பார்த்துப் பிரதி எடுப்பது இன்னொரு சர்வர். பிரதி எடுப்பதற்கு அடிமை என்று பெயர்.

நண்பர் சொல்வார்: "அது டெக்னிக்கல் டெர்ம். துல்லியமா இருக்கணும்னு வச்சது." அந்தத் துல்லியத்தையே பார்ப்போமே. மாஸ்டர் டிஸ்க் ஸ்லேவ் டிஸ்க்குக்குக் கட்டளை எதுவும் போடுவதில்லை. இரண்டுக்கும் தனித்தனி கன்ட்ரோலர், இரண்டும் கம்ப்யூட்டர் சொல்வதைத்தான் கேட்கும். ஏடிஏ தர ஆவணத்திலேயே 'டிவைஸ் 0', 'டிவைஸ் 1' என்றுதான் போட்டிருந்தது. அதாவது உத்தரவும் இல்லை, கீழ்ப்படிதலும் இல்லை, ஆனாலும் எஜமான் - அடிமை என்று கூப்பிட்டுப் பழகியிருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு பொருளை வைத்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று பார்க்காமல் இருக்க முடியாத கண் அது. அந்தக் கண்ணை நமக்கு நன்றாகத் தெரியும்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ரான் எக்லாஷ் என்கிற ஆய்வாளர் தேடிப் போய் 2007-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்டுபிடித்த ஆகப் பழைய பயன்பாடு 1904. ஊர் கேப்டவுன். அங்கிருந்த வானியல் நோக்குக்கூடத்தில், வான் கோள்களைப் பார்க்கிற இடத்தில், டேவிட் கில் என்ற வானியலாளர் இரண்டு கடிகாரங்களை இணைத்தார். ஒன்று துடிக்க, இன்னொன்று அதன் துடிப்பைப் பின்பற்றும். பின்பற்றுகிற கடிகாரத்துக்கு அடிமை என்று பெயர் வைத்தார்கள். கேப் காலனியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834-இல். எழுபது வருசம் கழித்து, அந்த மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு, கடிகாரத்துக்கு இந்தப் பெயர்! அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அப்போது அதே ஊரில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வெறும் வார்த்தையாம்.

2003-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி நிர்வாகம் தனக்குச் சாமான் விற்கிற கம்பெனிகளிடம், கருவிகளில் இந்தச் சொற்களைப் போடாதீர்கள் என்று கேட்டது. ஓர் ஊழியர் புகார் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். ஊரெல்லாம் சிரித்தது. 2014-இல் ட்ரூபல், ஜாங்கோ போன்ற மென்பொருள்கள் மாற்றிக்கொண்டன. 2018-இல் பைத்தான் மாற்றியது, அதற்கு ஒரு பெரிய சண்டை. அதே வருசம் ரெடிஸ் தரவுத்தளத்தை எழுதிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போ முதலில் முரண்டு பிடித்தார், பிறகு மனசில்லாமல் மாற்றினார். 2020 மே மாதம் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் போலீஸ்காரன் முட்டி போட்டுக் கொன்ற பிறகுதான் பெரிய கைகள் அசைந்தன. கிட்ஹப் ஜூனில் அறிவித்தது. லினக்ஸ் ஜூலையில் விதி எழுதியது. மைஎஸ்க்யூஎல் 'சோர்ஸ் - ரெப்ளிகா' என்றாக்கியது. ஒரு சொல் நகர ஒரு மனிதன் மூச்சுத் திணறிச் சாக வேண்டியிருந்தது.

நண்பருடைய அடுத்த வாதம் இது: "நாங்க சைல்டைக் கொல்றோம், ஆர்ஃபன் இருக்கு, சோம்பி இருக்கு, டீமன் இருக்கு. அதெல்லாம் மாத்தணும்பீங்களா?" இதைச் சொல்லிவிட்டு ஜெயித்துவிட்டது போல டீ கிளாசைக் கீழே வைப்பார். யோவ், டீமனைச் சந்தையில் நிறுத்திப் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசியவன் யாராவது உண்டா? சோம்பியின் பேரப்பிள்ளை உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறானா? சொல்லுக்குப் பின்னால் ஆள் நிற்கிறானா இல்லையா என்பதுதான் கேள்வி.

ஆள் நிற்கிற சொல் ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கிலத் தொழில்நுட்பச் செய்திகளைப் புரட்டினால் அடிக்கடி தட்டுப்படும். ஒரு கம்பெனியை மற்ற கம்பெனிகள் ஒதுக்கிவிட்டால், ஒரு முதலாளி பெயர் கெட்டுப்போனால், ஒரு நாட்டுக்குச் சிப் விற்கக் கூடாது என்றால், உடனே 'பரையா' என்று எழுதுவார்கள். அது எந்த ஊர்ச் சொல்? நம்ம ஊர்ச் சொல். பறையர் என்ற எங்கள் சனத்தின் பெயர். கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய், ஒதுக்கப்பட்டவன், தீண்டத்தகாதவன் என்ற பொருளோடு அகராதியில் உட்கார்ந்துவிட்டது. அதே கப்பலில் போன வேறு சொற்களும் உண்டு. பண்டிட் போனது, அங்கே அறிவாளி ஆனது. குரு போனது, அங்கே யூனிக்ஸ் குரு ஆனது. அமிகா கம்ப்யூட்டர் செத்து விழும்போது திரையில் 'குரு தியானம்' என்று வந்தது, பழுதில்கூட அவருக்குத் தியானம்தான்! 2022-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கணினித் துறையினர் புண்படுத்தும் சொற்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் குருவும் இருந்தது. சும்மா சும்மா பயன்படுத்தினால் அந்தச் சொல்லின் மரியாதை குறைந்துவிடுமாம். கேலி தாங்காமல் பட்டியலை எடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. குருவின் மரியாதைக்காகக் கவலைப்பட கலிஃபோர்னியாவில்கூட ஆள் இருக்கிறது. கட்டைவிரல் கொடுத்தவனுக்கு? நாங்கள் தினமும் காலையில் கட்டைவிரலை வைத்துத்தான் கம்ப்யூட்டரைத் திறக்கிறோம். ஏகலைவன் ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

பெயர் விசயத்தில் எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 1893-இல் ரெட்டமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசையாக எறிந்ததைத் தலைப்பாக எடுத்துக் கட்டிக்கொண்டார். அயோத்திதாசர் அதை ஏற்கவில்லை. எதிரி வைத்த பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்றார், பூர்வ பௌத்தர் என்றார். 1922-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை அரசு பழைய பெயர்களை விட்டு 'ஆதி திராவிடர்' என்று ஆணை போட்டது. 1938-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் 'ஹரிஜன்' என்ற பெயரைச் சட்டத்தில் ஏற்றப் பார்த்தபோது அம்பேத்கர் தன் ஆட்களோடு வெளியேறினார். வேண்டுமென்றால் பாருங்கள், இந்த நான்கு பேரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஒருத்தர் சொல்லைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், ஒருத்தர் வீசச் சொன்னார். ஆனால் நால்வரில் ஒருவர்கூட 'வெறும் வார்த்தைதானே' என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற வசதி பெயரால் அடிபடாதவனுக்கு மட்டும்தான் வாய்க்கும். நண்பர் ஒருநாள் சொன்னார், தன் வீட்டில் சாதியே பேச மாட்டார்களாம். பேச வேண்டிய தேவையே வராத வீடு எது என்று வாசகத் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் மாலை போடப் போவதில்லை. பெயரை மாற்றிவிட்டுக் கையைக் கழுவுகிற கம்பெனிகளைச் சொல்கிறேன். கிட்ஹப் கிளையின் பெயரை மாற்றியது சரி. அதற்கு முந்தின வருசம், 2019-இல், அமெரிக்கக் குடியேற்றப் போலீசோடு போட்ட ஒப்பந்தத்தைப் புதுப்பித்த அதே கம்பெனிதான் அது. ஊழியர்கள் எழுதிக் கேட்டும் விடவில்லை. எங்கள் தொழிலிலும் இந்த வித்தை உண்டு. 'பார்ட் டைம் ஸ்வீப்பர்' என்ற பெயர் பல வங்கிகளில் 'ஹவுஸ் கீப்பர்' ஆனது. துடைப்பம் யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயேதான் இருக்கிறது. ரெடிஸில் புதுக் கட்டளை வந்தும் பழைய 'ஸ்லேவ்ஆஃப்' கட்டளையை எடுக்கவில்லை, பழைய நிரல்கள் உடைந்துவிடக் கூடாதே என்று. அடித்துப் பாருங்கள், வேலை செய்யும். அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு 1950-இலிருந்து இருக்கிறது. பழைய கட்டளையை அடித்தால் ஊரில் இன்னும் வேலை செய்கிறது. மைஎஸ்க்யூஎல்காரர்கள் பரவாயில்லை, 2024-இல் வந்த 8.4 பதிப்பில் பழைய கட்டளையையே வெட்டி எறிந்துவிட்டார்கள். கொஞ்சநாள் நிரல்கள் உடையும், உடையட்டும்.

இனி 'மெரிட்'டுக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் உலகத்தில் திறமைக்கு மட்டும்தான் இடம், வேறெதற்கும் இல்லை என்பது நண்பரின் அசைக்க முடியாத நம்பிக்கை. கிட்ஹப் அலுவலகத்தில் அமெரிக்க ஜனாதிபதி அறை மாதிரியே ஓர் அறை செய்து, 'கிட்ஹப் ஐக்கிய மெரிட்டோக்ரஸி' என்று நெய்த கம்பளம் விரித்திருந்தார்கள். யாருக்கு மெரிட், யார் அளந்தது என்று பெண்கள் கேட்கத் தொடங்கியதும் 2014-இல் சுருட்டி வைத்தார்கள். மெரிட்டோக்ரஸி என்ற சொல்லைப் பரப்பியது மைக்கேல் யங் 1958-இல் எழுதிய புத்தகம். அது ஒரு நையாண்டிப் புத்தகம்! தகுதி தகுதி என்று சொல்லியே மேலே போனவர்கள் கீழே இருப்பவர்களை எப்படி மனசாட்சி உறுத்தாமல் மிதிப்பார்கள் என்று எழுதினார். கேலிச் சொல்லைக் கொள்கையாக எடுத்துக்கொண்டார்கள் என்று 2001-இல் அவரே புலம்பினார். இட ஒதுக்கீட்டைத் திட்ட மெரிட் என்ற சொல்லைத் தூக்குகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

2020 ஜூன் மாதத்துக்கு மறுபடி வாருங்கள். 'மாஸ்டர்' போய் 'மெயின்' வந்தது பற்றி அட்மின்கள் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்த அதே ஜூனில், 30-ஆம் தேதி, கலிஃபோர்னியா அரசின் வேலைவாய்ப்புத் துறை சிஸ்கோ கம்பெனி மீது வழக்குப் போட்டது. ரூட்டர் செய்கிற சிஸ்கோதான். அங்கே வேலை பார்த்த ஒரு தலித் பொறியாளரை, அவரோடு ஐஐடியில் படித்த மேலாளரே, இட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று மற்றவர்களிடம் சொன்னார், அதன் பிறகு அவரை ஓரங்கட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அந்தத் துறையே விலக்கிக்கொண்டது, கம்பெனி மீதான வழக்கு தொடர்ந்தது. தீர்ப்பைப் பற்றி நான் பேசவில்லை. டீக்கடை பெஞ்சைப் பற்றிப் பேசுகிறேன். கிளையின் பெயருக்கு ஆறு மாசம் பொங்கிய நண்பர் இந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. கேட்டபோது, "அது ஹெச்.ஆர். மேட்டருங்க" என்றார்.

2022 ஏப்ரலில் கூகுளில் பேச அழைக்கப்பட்டார் தேன்மொழி சௌந்தரராஜன், தமிழ்க் குடும்பத்துப் பெண், சாதி ஒழிப்புப் போராளி. ஊழியர்களில் சிலர் இவர் இந்து விரோதி என்று கடிதம் மேல் கடிதமாக அனுப்பினார்கள். கூட்டம் ரத்து. ஏற்பாடு செய்த தனுஜா குப்தா என்ற மேலாளர் அந்த ஜூனில் வேலையை விட்டுப் போனார்.

பிறகு கலிஃபோர்னியாவிலேயே ஒரு மசோதா வந்தது. எஸ்பி 403 என்று எண். ஆயிஷா வஹாப் என்ற செனட்டர் கொண்டு வந்தார். பாகுபாடு கூடாது என்று ஏற்கெனவே இருக்கிற சட்டத்தில் 'சாதி' என்ற சொல்லையும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும், கேட்டது அவ்வளவுதான். சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியிலேயே அதைச் செய்திருந்தது. அங்கே உள்ள இந்திய மேட்டுக்குடி அமைப்புகள் துடித்துப் போயின. அந்தச் சொல் சட்டத்தில் ஏறினால் தங்கள் சமூகத்துக்கே களங்கம் என்றார்கள். மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஆளுநர் நியூசம் கையெழுத்துப் போட மறுத்தார். இருக்கிற சட்டமே போதும், அந்தச் சொல் தனியாகத் தேவையில்லை என்றார்.

அந்தச் செய்தியை நண்பருக்கு அனுப்பி ஒரே ஒரு வரி எழுதினேன்: வெறும் வார்த்தைதானே, எழுதிவிட்டுப் போனால் என்ன? ரெண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.