மரம் வளர்த்தவருக்கு அளக்கவும் தெரிய வேண்டும்

நடுவில் 48 அங்குலச் சுற்றளவு, பத்தடி நீளம். இப்படி ஒரு தேக்குக் கட்டை தோப்பில் வெட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சுற்றளவை நான்கால் வகுத்தால் 12 அங்குலம், அதாவது ஓரடி. ஓரடியை ஓரடியால் பெருக்கி, நீளமான பத்தாலும் பெருக்கினால் 10 கன அடி. மர வியாபாரத்தில் காலங்காலமாகப் புழங்கும் கணக்கு இது. உருண்டைக் கட்டையின் முழுக் கன அளவைப் பார்த்தால் 12.7 கன அடி வரும். அறுக்கும்போது கழியும் ஓரங்களை விட்டுவிட்டுத்தான் வியாபாரக் கணக்கே போடப்படுகிறது. அப்படியிருக்க, டேப்பை நடுவில் பிடிக்காமல் மெலிந்த நுனியில் பிடித்தால் என்ன ஆகும்? நுனியில் 40 அங்குலம் என்றால் 10 கன அடி ஏழுக்கும் கீழே இறங்கிவிடும். பட்டைக்கு இவ்வளவு, கோணலுக்கு இவ்வளவு என்று கழிப்பது அதற்குப் பிறகு.

ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இது தெரியாமல்தான் இருபது ஆண்டு வளர்த்த தோப்பை நின்ற நிலையிலேயே குத்துமதிப்பாகப் பேசி, மொத்தமாக விலை முடித்துக் கொடுக்கிறார்கள் பல சிறு உழவர்கள். செல்பேசித் திரையில் பார்த்தே கற்றுக்கொள்ளக்கூடிய இந்த அறிவு அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

மரம் வளர்ப்பு பற்றித் தமிழில் காணொளிகளுக்குப் பஞ்சமா என்று கேட்கலாம். பஞ்சமே இல்லை. ஏக்கருக்கு இத்தனை லட்சம், இத்தனை கோடி என்ற தலைப்போடு நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கடைசியில் ஒரு நாற்றங்காலின் தொலைபேசி எண் இருக்கும். கன்று விற்பது தவறான தொழில் அல்ல. ஆனால் கன்று விற்பவரே ஆசிரியராகவும் இருந்தால் பாடம் நடவோடு முடிந்துவிடுகிறது. மலைவேம்பை மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 450 கன்று பிடிக்கும். ஐந்து மீட்டர் விட்டால் 160 தான். காகிதக் கூழுக்கு நெருக்கி நடலாம், பிளைவுட்டுக்குப் பருத்த மரம் வேண்டும், ஆகவே இடைவெளி வேண்டும். எந்த ஆலைக்கு விற்கப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே குழி எடுக்க வேண்டும் என்பதை, கன்றின் எண்ணிக்கையில் ஆதாயம் இல்லாத ஒருவர் சொன்னால்தான் உழவருக்கு நம்பிக்கை வரும்.

தேக்கில் இதைவிடப் பெரிய இழப்பு நடக்கிறது. இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பில் ஐந்தாம் ஆண்டு வாக்கிலும் பத்தாம் ஆண்டு வாக்கிலும் இடையிடையே மரங்களை வெட்டி எடுத்துவிட வேண்டும். நன்றாக நிற்கும் மரத்தில் அரிவாள் வைக்க யாருக்கும் மனம் வராது. விட்டுவிட்டால் எல்லா மரமும் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு உயரமாகப் போகும், சுற்றளவு ஏறாது. பதினைந்து ஆண்டு கழித்துத் தோப்பு பார்க்க அடர்த்தியாக இருக்கும். விலை கேட்டால் கம்பு விலைதான் சொல்வார்கள்.

இதைத் தனிமனிதர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. மரம் சார்ந்த ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தைக் காடுகளிலிருந்து எடுக்காமல் உழவர்களிடம் பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை சொன்னது. அரசு 2014இல் வெளியிட்ட தேசிய வேளாண் காடுகள் கொள்கை, காகிதக் கூழுக்கான மூலப்பொருளில் சுமார் 60 விழுக்காடு வேளாண் காடுகளிலிருந்தே வருவதாக மதிப்பிடுகிறது. நாட்டின் காகிதத்துக்கும் பிளைவுட்டுக்கும் மரம் தரும் பொறுப்பை உழவர் தோளில் ஏற்றியாகிவிட்டது. அதற்கான கல்வியும் கூடவே வந்திருக்க வேண்டாமா?

சொல்லிக்கொடுக்க ஆளில்லாத மாநிலம் அல்ல இது. மேட்டுப்பாளையத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி இருக்கிறது. கோவையில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் இருக்கிறது. சவுக்கில் நல்ல ரகங்களைத் தேர்ந்தெடுத்து உழவர்களுக்குத் தந்த இடம் அது. இரண்டும் மேற்குக் கோடியில் இருக்கின்றன. சவுக்குப் பயிரிடுபவர்களோ கடலூர், விழுப்புரம் பக்கம் திரளாக இருக்கிறார்கள். ஒரு நாள் பயிற்சிக்காக ஓர் இரவுப் பயணம் போய் வர இரண்டு ஏக்கர்க்காரருக்குக் கட்டுப்படியாகாது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகம் சிறு வன உரிமையாளர்களுக்காக இணையவழி வகுப்புகளைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தது. அதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ஒரே பாடத்தை ஒரே நாளில் நண்பகலில் ஒருமுறையும் இரவு 7 மணிக்கு இன்னொரு முறையும் நடத்தினார்கள். பகலில் வேலைக்குப் போகிறவர் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து கேட்கலாம், கேள்வியும் கேட்கலாம். பதிவைப் பிறகும் பார்க்கலாம். அந்நாட்டுக் காடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குடும்பங்களின் கையில் இருக்கிறது. உரிமையாளரில் பலர் காட்டிலிருந்து தள்ளி, வேறு ஊரில் வசிப்பவர்கள்.

இங்கும் நிலைமை அதேதான். தோப்பு புதுக்கோட்டையில் இருக்கும், பட்டாதாரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஊரில் தண்ணீர் பாய்ச்சிக் கவாத்து செய்து பார்த்துக்கொள்வது அவருடைய அம்மாவாகவோ தங்கையாகவோ இருக்கும். இருவருமே ஒரே வகுப்பில் சேர இணையம் ஒன்றுதான் வழி.

சட்டத்துக்கு என்று தனி வகுப்பே வேண்டும். பட்டா நிலத்துச் சந்தன மரம் நில உரிமையாளருக்கே சொந்தம் என்று 2002இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகவே நடக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதி தெரியாமல் நட்டவர்கள் உண்டு. மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. எந்த மரத்தை வெட்ட அனுமதி வேண்டும், எதை லாரியில் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டும், நட்ட ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் மரத்தைப் பதிய வைப்பது எப்படி என்பதையெல்லாம் ஒரு வனத்துறை அதிகாரி நேரலையில் வந்து, எளிய தமிழில் விளக்கினால் இடைத்தரகருக்குப் போகும் பணத்தில் பாதி மிச்சமாகும்.

திரையில் எல்லாமே முடியாது என்பதும் உண்மை. எந்த மரத்தை எடுப்பது, எதை விடுவது என்பது தோப்புக்குள் நின்று மேலே அண்ணாந்து பார்த்தால்தான் பிடிபடும். கார்னெல் இதற்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. பயிற்சி பெற்ற வன உரிமையாளர்களே தன்னார்வலர்களாகி, அழைத்தவரின் காட்டுக்குக் காசு வாங்காமல் போய், கூட நடந்து பார்த்து யோசனை சொன்னார்கள். தமிழ்நாட்டில் ஒன்றியத்துக்கு இரண்டு அனுபவசாலி மர உழவர்களை இப்படித் தயார் செய்யலாம். வகுப்பை மேட்டுப்பாளையமும் கோவையும் நடத்தட்டும், ஒன்றியத்துக்குள் போய்வரும் பெட்ரோல் செலவை வனத்துறை ஏற்கட்டும். வடகிழக்குப் பருவமழை நடவுக்கு முன்பே முதல் அணி தயாராகிவிட்டால், இந்த ஆண்டு குழி எடுப்பவர்களுக்கே அது பயன்படும்.